நாற்பத்தொன்றாம் இடமும் என் கையெழுத்தும்

பிள்ளைகளே,

விலங்குக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும், வேறோர் ஊரில் இதே வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் என் மகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். காரைக்குடிக்கு வெளியே இருக்கும் நம் ஆய்வு நிலையத்தில் எலிக்கூண்டு கழுவச் சேர்ந்து, ரத்தம் எடுக்கக் கற்று, கடைசிவரை உதவியாளராகவே இருந்து ஓய்வு பெற்றேன். கூண்டை எப்படிக் கழுவுவது, ஊசியை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதை அல்ல. கோபத்தோடுதான் சொல்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை.

நஸீரா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். இளையான்குடிப் பக்கத்துப் பெண். மூன்று வருடமாக அவள் செய்தது ஒரே வேலை: வெள்ளெலியின் ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. பெயரில்தான் வெள்ளை. வெள்ளெலி பழுப்பு நிறம். ஒக்கூர்ப் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் வளை தோண்டி வாழும். வால் நுனியில் கறுப்பாகக் குஞ்சம் இருக்கும். நம் கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்கிறதே, அது கூண்டெலி. அது வேறு, இது வேறு. இதை மறந்துவிடாதீர்கள்.

புரதத்தை மணி கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரத்தில் நூற்றிருபது சொச்சம் மணிகள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். லைசின், குளூட்டமிக் அமிலம் என்று மணிகளில் இருபது வகை. சரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முனையிலிருந்தும் ஒவ்வொரு மணியாக உருவி, அது என்ன வகை என்று பார்த்து எழுத வேண்டும். உருவிப் பார்க்கும் இயந்திரம் நம்மிடம் கிடையாது. நஸீரா புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவாள். முடிவு மின்னஞ்சலில் வரும்.

இந்தப் புரதம் ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு வெள்ளெலியின் ரத்தம் போதாது. அதனால் பன்னிரண்டு வெள்ளெலிகளின் ரத்தத்தை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே புட்டியில் ஊற்றினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. கூண்டெலிக்கு அப்படித்தான் வழக்கம். கூண்டெலிகள் உள்ளுக்குள்ளேயே இணைந்து பெருகியவை. பத்து எலியும் ஒரே எலி மாதிரிதான். கொல்லையில் பிடித்தவற்றுக்கும் கை அதே பழக்கத்தில் போய்விட்டது. இது என் தவறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் அடுத்தவர்மேல் கோபப்படப் போகிறேன்.

வரிசை முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஒரு நாள் நஸீரா மடிக்கணினியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நாப்பத்தொண்ணாம் எடத்துல ரெண்டு வருது."

"ரெண்டுன்னா?"

"ஒரு எடத்துல ஒண்ணுதான வரணும்? லைசின் நெறையா வருது. கூடவே குளூட்டமிக் அமிலமும் வருது. மறுபடி அனுப்பியும் பாத்துட்டேன். அதேதான்."

"கழுவாத குழாயில ஊத்திட்டியா தாயி?"

"நீங்க கழுவின குழாய்தாண்ணே" என்று சிரித்தாள். அன்று எங்கள் இருவருக்கும் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

துறைத் தலைவருக்கு அப்படி இல்லை. முழு வரிசையும் முடிந்துவிட்டதாக ஒரு மாநாட்டுக்கு அவர் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார். முடியாத வேலையை முடிந்தது என்று எழுதியவருக்கு ஓரிடத்தில் இரண்டு வந்தால் பொறுக்குமா? லைசினை மட்டும் எழுது, சின்னதை விட்டுவிடு என்று நஸீராவிடம் சொல்லியிருக்கிறார். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். அவளுடைய ஆய்வேட்டில் அவள் பெயர் போட்டு வரப்போகிற வரிசை அது. பொய்யாய் ஒரு மணியை எப்படிக் கோப்பாள்?

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க ராமையா, உக்காருங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"வெள்ளெலி ரத்தம் எடுத்த அன்னிக்கு அதே மேசையில கூண்டெலி ரத்தமும் எடுத்தீங்க இல்ல?"

"ஆமா சார். காலையில அது, மத்தியானம் இது."

"கூண்டெலியில அந்த நாப்பத்தொண்ணாம் எடத்துல இருக்கிறது குளூட்டமிக் அமிலம்தான். புரியுதா? அதுதான் கலந்திருக்கு."

"கலக்கலையே சார். மேசையத் தொடச்சேன், ஊசியெல்லாம் புதுசு."

"கலந்தீங்கன்னு நான் குத்தம் சொல்லலை. மனுஷன்னா கை தவறும். அந்தப் பொண்ணுக்கு உதவித்தொகை முடியப்போகுது. இந்தச் சந்தேகம் தீரலைன்னா மூணு வருஷமும் போச்சு. ஒரு வரி எழுத்துல இருந்தா திங்கக்கிழமை விலங்கு நெறிக் குழுக் கூட்டத்துல வச்சு முடிச்சுடலாம். வெறும் ஃபார்மாலிட்டி."

தாள் தயாராக இருந்தது. இங்கிலீஷில் அச்சடித்து, கீழே என் பெயர் போட்டு, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நான் அவசரத்தில் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று எண்ணிக்கொண்டேன். பெரிய மனிதர் உட்காரவைத்துப் பேசுகிறாரே என்றும் எண்ணிக்கொண்டேன். முதல் காரணத்தை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைத்தால் நானும் அவரைப் போலத்தான். போட்டுவிட்டேன்.

நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பன்னெண்டுல மீதி இருக்கிற எட்டு வெள்ளெலியையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க. அதை இனிமே வச்சுக்கிட்டுப் பிரயோஜனம் இல்ல."

ஓர் உயிரை முடிப்பது நம் வேலையில் உண்டு. அதற்குக் காரணம் வேண்டும், அனுமதித் தாள் வேண்டும். இதற்கு என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை.

அன்று பிற்பகல் நஸீரா வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீக?"

"என்ன தாயி?"

"கூண்டெலி ரத்தத்தக் கலந்துட்டேன்னு எழுதிக் குடுத்தீகளாமே. நீங்க கலந்தீகளா?"

"இல்ல."

"பெறகு?"

"ஒனக்கு நல்லதுன்னு சார் சொன்னாரு…"

"எனக்கு நல்லதா? அந்தக் காயிதத்த நீட்டித்தான் சொல்றாரு, 'குளூட்டமிக் அமிலம் கலப்படம்னு ஆயிடுச்சு, லைசின்னு மட்டும் எழுது, இல்லாட்டி புது எலி புடிச்சு முதல்லருந்து ஆரம்பி'ன்னு. எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தாண்ணே இருக்கு. பொய்ய எழுதணும், இல்ல மூணு வருஷத்தத் தூக்கிப் போடணும். நல்லதாம்ல, நல்லது!"

உட்கார இடமில்லாமல் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அவள் விடவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஒரு வரியில் வெள்ளெலிச் சரத்தையும் அதன்கீழே கூண்டெலிச் சரத்தையும் காட்டினாள். இரண்டும் வேறுபடுகிற இடங்களில் மஞ்சள் பூசியிருந்தது.

"இந்த மஞ்சளெல்லாம் என்ன?"

"அங்கயெல்லாம் வெள்ளெலிக்கு ஒண்ணு, கூண்டெலிக்கு வேற ஒண்ணு."

எண்ணினேன். அதுவரை வாசித்திருந்த பகுதியில் நாற்பத்தொன்றைச் சேர்த்துப் பத்து மஞ்சள்.

"அப்ப கூண்டெலி ரத்தம் கலந்திருந்தா மத்த ஒம்போது எடத்துலயும் ரெண்டு ரெண்டால்ல வரணும்?"

"ஆமா."

"வந்துச்சா?"

"ஒண்ணுல கூட வரலை. இதத்தான் நான் நேத்தே சார்கிட்ட சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'எனக்குத் தெரியும்'னாரு."

பிள்ளைகளே, என் கோபம் அந்த இடத்தில் பிறந்தது. தெரியாமல் ஒரு மனிதர் என்மேல் பழி போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவருக்குத் தெரியும். என்னை உட்காரவைத்து, கை தவறும் என்று ஆறுதல் சொல்லி, பேனாவை நீட்டியபோதே தெரியும்.

"அப்ப அந்த ரெண்டாவது எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

அதற்கு வழி காட்டியவர் வெள்ளெலி பிடித்துக் கொடுக்கும் காளிமுத்து. வியாழக்கிழமை காலையில் கூடத்து வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அவரை இனி வர வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். வேறு எலியை வெள்ளெலி என்று கலந்து கொடுத்திருப்பாரோ என்று சந்தேகமாம்.

"நானாய்யா? எங்க அப்பன் காலத்துலருந்து புடிக்கிறோம். வாலுல குஞ்சம் இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியாதவனா நானு? அந்தப் பெரிய சார வரச் சொல்லுங்க. கண்ணக் கட்டிவிட்டுக் கையில ஒண்ணக் குடுங்க. அவரு எது எலி, எது அணிலுன்னு சொல்லிட்டாருன்னா நா இந்தத் தொழில விட்டுர்றேன்."

"கத்தாதீக காளிமுத்து. உள்ள வந்து பாருங்க, எட்டும் வெள்ளெலிதான?"

ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார். "எட்டும் அதேதான். இது கொல்லை ஓரம் புடிச்சது. இது கம்மாக்கரை மேட்டுல. இது ரெண்டும் ஒரே வளை."

"பாத்தே சொல்றீகளே."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குமா? ஒரே வளையில புடிச்ச ரெண்டயே பாருங்களேன். ஒண்ணுக்கு மூஞ்சி நீளம், ஒண்ணு கடிக்கும், ஒண்ணு கடிக்காது. நம்ம வீட்டுப் பிள்ளைக எல்லாம் ஒரே அச்சாவா இருக்கு? இந்தா கூண்டுக்குள்ள வெள்ளையா வளக்குறீகளே, அதுகதான் ஒரே அச்சு."

நஸீரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பன்னிரண்டையும் ஒரே புட்டியில் ஊற்றிய என் கை எனக்கு நினைவு வந்தது. வெள்ளெலிகளுக்குள்ளேயே இரண்டு வகை இருந்தால்? சிலவற்றுக்கு அந்த இடத்தில் லைசின், சிலவற்றுக்குக் குளூட்டமிக் அமிலம் என்று இருந்தால்? ஒரே புட்டியில் ஊற்றினால் இரண்டும்தானே வரும்!

"அண்ணே, வரிசைய வாசிக்கத்தான் நெறைய ரத்தம் வேணும், இதுக்கு ஆளுக்கு ஒரு துளி போதும்" என்றாள் நஸீரா. "ஜெல்லுல ஓட்டுனா தெரிஞ்சுரும். லைசினுக்கும் குளூட்டமிக் அமிலத்துக்கும் மின்னேற்றம் வேற வேற. கரண்டு விட்டா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும்."

"எத்தன நாளாகும்?"

"ஒரு நாள்."

ஒரு நாள்! ஒரு நாள் வேலை அது. துறைத் தலைவருக்கு அது தெரியாதா? அந்த ஒரு நாளைச் செலவழிக்க மனமில்லாமல் என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். கையெழுத்து வாங்க இரண்டு நிமிடம் போதுமே.

வாலிலிருந்து ஆளுக்கு ஒரு துளி எடுத்தோம். நம் அனுமதித் தாளில் அதற்கு இடம் உண்டு. வாசித்துப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். இந்த முறை எட்டுத் துளியும் எட்டுக் குழாயில். ஒவ்வொன்றிலும் கூண்டின் எண். நஸீரா ஓட்டினாள். வெள்ளிக்கிழமை மதியம், கூழ்த் தகடு மாதிரி இருக்கும் அந்த ஜெல்லைச் சாயத்திலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று வெள்ளெலிக்கு மேலே, லைசின் நிற்கும் இடத்தில், ஒரு நீலக்கோடு. ஒன்றுக்குக் கீழே, குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில். நான்குக்கு மேலேயும் கீழேயும். எட்டும் உயிரோடு கூண்டில் கடலை கொறித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றின் வாலிலிருந்து நேராக எடுத்த துளி. இதில் எவன் எதைக் கலந்தான்?

அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது வேறு.

மாலையில் துறைத் தலைவர் போன் செய்தார்.

"எட்டையும் முடிச்சாச்சா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"திங்கக்கிழம கூட்டத்துக்கு அதுக உசுரோட வேணும் சார்."

"நான் சொன்னதைச் செய்ங்க ராமையா" என்றார்.

"எழுதிக் குடுங்க சார், செய்யிறேன்."

போன் வைக்கப்பட்டது. பிள்ளைகளே, இந்த ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னாலேயே, கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். எழுதிக் கொடுங்கள் என்று அவர்தான் என்னிடம் கேட்டார். நானும் அவரிடம் கேட்கலாம் என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது. வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேலை போயிருமா?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். "பொய்யி சொன்னது நீங்கதான, போயி இல்லைன்னு சொல்லிட்டு வாங்க" என்று மறுபடி பரிமாறினாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆறு பேர். வெளியிலிருந்து வரும் உறுப்பினராக ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். மாட்டாஸ்பத்திரியில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். நஸீரா ஜெல் படத்தைக் காட்டி, ஒன்பது இடங்களைக் காட்டி, நடுக்கமில்லாமல் பேசினாள். நான் கூண்டுப் பதிவேட்டோடு சுவரோரம் நின்றேன்.

துறைத் தலைவர் ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அதில் ஒன்றும் இல்லை. என் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது நல்ல முடிவுதான், எனக்கும் சந்தோஷம். ஆனா இதைப் பாருங்க. கலந்துட்டேன்னு நம்ம உதவியாளர் தானாகவே வந்து எழுதிக் குடுத்தார். அதை நம்பித்தான் நான் முடிவெடுத்தேன். ஏன் இப்படிப் பொய் சொன்னார்னு அவரைத்தான் கேக்கணும்."

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தானாகவே வந்து!

"இத யாரு எழுதுனது?" என்று கேட்டார் மருத்துவர்.

"கையெழுத்து நா போட்டதுய்யா. எழுதுனது நா இல்ல."

"அவர்தான் எழுதினார்" என்றார் துறைத் தலைவர்.

மருத்துவர் தாளை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் வாசிங்க."

வாசித்தேன். ஆறு பேர் முன்னால், என் மகள் வயதுப் பெண் முன்னால், எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்றாவது வரியில் நீளமாக ஒரு சொல் வந்தது. இரண்டு முறை முயன்றேன். வரவில்லை.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாதுய்யா."

நான் பொய்யன் இல்லை என்று காட்ட, எனக்குப் படிப்பு இல்லை என்பதை அத்தனை பேர் முன்னால் காட்ட வேண்டியிருந்தது. இந்த அவமானத்துக்குத் துறைத் தலைவர் இன்றுவரை வருத்தமாக ஒரு சொல் சொன்னதில்லை.

"நடந்தத நீங்களே ஒங்க கையால எழுதுங்க. ஒங்களுக்கு வர்ற பாஷையில" என்றார் மருத்துவர்.

அங்கேயே நின்றுகொண்டு, பதிவேட்டை அட்டையாக வைத்து எழுதினேன். பன்னிரண்டு வெள்ளெலிகளின் ரத்தத்தையும் ஒரே புட்டியில் ஊற்றியது என் தவறு. கூண்டெலி ரத்தத்தை நான் கலக்கவில்லை. கலந்தேன் என்று துறைத் தலைவர் கொடுத்த தாளில் கையெழுத்திட்டேன். அது பொய், அதுவும் என் தவறு. இவ்வளவுதான். தமிழில், தேதி போட்டு.

நாற்பத்தொன்றாம் இடத்தில் லைசினும் வரும், குளூட்டமிக் அமிலமும் வரும், வெள்ளெலிகளில் இரண்டு வகை உண்டு என்று குழு ஏற்றுக்கொண்டது. எட்டையும் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். காளிமுத்துவை மறுபடி கூப்பிட்டார்கள். நஸீரா பட்டம் வாங்கினாள்.

கூட்டம் முடிந்து நடைபாதையில் துறைத் தலைவர் என் தோளில் கை வைத்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எதுக்கு ராமையா கோப்புல ரெண்டு தாள்? ரெண்டையும் கிழிச்சுடலாம். உங்க பேரும் சுத்தமா இருக்கும்."

"கிழிக்காதீக சார். நா பொய் சொன்னதுக்கு ஒண்ணு சாட்சி. நீங்க சொன்னதுக்கு இன்னொண்ணு சாட்சி."

கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை தலைமை உதவியாளர் பட்டியல் வந்தது. இரண்டிலும் என் பெயர் இல்லை. அலுவலகத்தில் போய்க் காரணம் கேட்டேன். எழுத்தர் என் கோப்பைப் புரட்டினார். "கவனக்குறைவுன்னு நீங்களே எழுதிக் குடுத்த காயிதம் இருக்குல்லண்ணே. அதத்தான் பாத்திருக்காக."

"அதுக்கு அடுத்த காயிதத்தப் பாத்தாகளா?"

அவர் அடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது தமிழ்ல, கையால எழுதியிருக்குண்ணே. இத யாரு வாசிக்கப் போறாக?"

கோப்பு நம் பதிவறையில்தான் இருக்கிறது. நீங்கள் வாசியுங்கள்.